திரையும் திரையும்

‘திரை’ என்ற சொல்லுக்குத் தமிழில் கடலலை என்று ஒரு பொருள், மறைத்துத் தொங்கும் சீலை என்று இன்னொரு பொருள். சினிமா வந்தபோது படம் விழும் வெள்ளைத் துணிக்கும் தமிழர் அதே பெயரை வைத்தார்கள். கடலைப் பற்றிய படம் பார்ப்பவர் திரையில் திரையைப் பார்க்கிறார். அலைச்சறுக்குப் படங்கள், கப்பல் கதைகள், மீனவர் கதைகள், ஆழ்கடல் ஆவணப் படங்கள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு மகிழ்ச்சி உண்டு. உயிரைக் குடிக்கக்கூடிய நீர் மலைபோல் எழுந்து வரும்போது பார்ப்பவரின் நெஞ்சு பதறுகிறது, அதே வேளையில் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? அது மயக்கமா, தெளிவா? இந்தக் கேள்வியை வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் தத்தம் வழியில் தொட்டிருக்கின்றன. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தமிழருக்கோ அது வெறும் தத்துவக் கேள்வி மட்டுமாக இருக்க முடியாது.

முதலில் அந்த ஊரின் கடலைச் சொல்ல வேண்டும். மலாக்கா நீரிணையின் மறுகரையில் சுமத்ரா தீவு நெடுக்கப் படுத்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பும் நெடிய அலைகளை அது தாங்கிக்கொள்வதால் சிலாங்கூர்க் கரைக்குச் சிற்றலைகளே மிஞ்சுகின்றன. புக்கிட் மெலாவாத்திக் குன்றில் 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று மேற்கே பார்த்தால், கடலுக்கு முன்னால் கண்ணில் படுவது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கோல சிலாங்கூரில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தும். நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். மிச்சம் கிடப்பது சேறும், சேற்றில் தாவும் சிறு மீன்களும், வேர்களுக்கிடையே நண்டுகளும். சாசாரான் கரைக்கு அப்பால், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஒரு மணல்திட்டு தலைகாட்டும். அதன்மேல் கணுக்காலளவு நீர் கண்ணாடியாய் நிற்கும். படகேறிப் போய் அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கரையின் பெரிய காட்சி அதுதான்: ஆடாத நீர்.

மலேசியாவில் அலைச்சறுக்கு உண்டென்றால் அது கிழக்குக் கரையில், பகாங்கின் செராத்திங் போன்ற இடங்களில், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில். ஆகவே கோல சிலாங்கூர் வட்டார ஊர்களான ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் வளர்ந்த ஒருவர் ஆளுயர அலையைப் பெரும்பாலும் முதன்முதலில் பார்ப்பது படத்தில்தான்.

ஆனால் அவருடைய குடும்பத்துக்கு ஒரு பெரிய கடல் தெரியும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, பினாங்கைத் தொட்டு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள் அந்தக் குடும்பத்தின் முன்னோர். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது. ஆயிரக்கணக்கானோர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். கங்காணி வழியாக ஆள் சேர்த்து அனுப்பும் முறை 1938-இல் நின்ற பின்னும், சொந்தக் காசில் சீட்டு வாங்கியவர்களை அதே கப்பல் ஏற்றி வந்தது. திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்ன ஔவையின் அறிவுரையைப் பள்ளியில் படிக்காதவர்களே அதை நிறைவேற்றினார்கள். தேடிய திரவியம் கிடைத்ததா என்பது வேறு கதை.

இறங்கியவர்கள் பால்மரக் காட்டுக்குள் போனார்கள். வரிசைக் குடியிருப்பான லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், ஸ்டோர், மாரியம்மன் கோயில், கள் விற்கும் தவறணை என்று வாழ்க்கை ஒரு வட்டத்துக்குள் அடங்கியது. கடல் சில மணி நேர நடையில் இருந்தாலும் அதைத் திரும்பப் பார்க்காமலே பலர் கண்ணை மூடினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கடல் வாந்தியும் மயக்கமும், தகரக் குவளைக் கஞ்சியும், வழியில் செத்தவரைச் சுற்றிக் கட்டி நீருக்குள் இறக்கிய காட்சியும்தான். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தது சங்க மரபு. கரையில் நின்று, போனவரை எண்ணி ஏங்குவது அதன் இலக்கணம். தோட்டத்தில் அந்த இலக்கணம் திசை மாறியது. ஏங்கியவர்தான் போனவர். கரை அந்தப் பக்கம் இருந்தது.

இப்படிப்பட்டவர்களிடம் சினிமா வந்தது. தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். திருவிழா நாள் என்றால் கோயிலுக்கு எதிரிலேயே கட்டுவதும் உண்டு. கருவி ஓடத் தொடங்கியதும் ஒளிக்கற்றையில் விட்டில்கள் மொய்க்கும். முன்பக்கம் இடமில்லாதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்து தலைமாறித் தெரிய அதே படத்தைப் பார்ப்பார்கள். காற்று வீசினால் துணி புடைத்து உள்வாங்கும். எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’ (1964) அந்தத் துணியில் ஓடும்போது படத்தின் நீர் ஒரு பக்கம் அசைய, துணி தன் பங்குக்கு அசைந்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தின் கதையோ தோட்டத்துக்காரருக்கு அந்நியமே இல்லை. அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் கடல் தாண்டிய தீவில் உழைக்கிறார்கள், பிறகு கப்பலேறித் தப்புகிறார்கள். திடலில் அதைப் பார்த்தவர் கைதட்டியது கதாநாயகனின் வாள்வீச்சுக்கு மட்டும் என்று நினைப்பது சரியாகாது. தன்னைக் கொண்டுவந்த நீர் இன்னொருவனைத் திருப்பிக் கொண்டுபோவதை அவர் பார்த்தார்.

கடலைப் படமெடுக்கும் ஆசை சினிமாவின் பிறப்பிலேயே இருந்தது. இங்கிலாந்தின் டோவர் துறைமுகச் சுவரில் அலை மோதிச் சிதறுவதை பர்ட் ஏக்கர்ஸ் 1895-இல் படமாக்கினார். கதையில்லை, நடிகரில்லை, நீர் மட்டுமே. 1896 ஏப்ரல் 23-இல் நியூயார்க்கில் அதைக் காட்டியபோது முன்வரிசையினர் நனைந்துவிடுவோமென்று பதறியதாகச் சொல்வார்கள். இதே விருப்பம் 70 ஆண்டுக்குப் பின் புரூஸ் பிரவுனின் ‘தி என்ட்லெஸ் சம்மர்’ (1966) படத்தில் முழு உருவம் பெற்றது. இரண்டு இளைஞர்கள் கோடைக்காலத்தைத் துரத்திக்கொண்டு உலகைச் சுற்றி அலை தேடுவதுதான் படம். 1973-இல் வந்த ‘கிரிஸ்டல் வாயேஜர்’ இன்னும் ஒரு படி உள்ளே போனது. அலைச்சறுக்கு வீரர் ஜார்ஜ் கிரீனோ கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு, சுருளும் அலையின் உள்ளே, நீர்க்குகைக்குள் இருந்து படமெடுத்தார். கண்ணெதிரே நீர் கூரையாகி, சுவராகி, ஒளி வரும் சிறு துளையாகிச் சுருங்குகிறது. கரையிலிருந்து பார்ப்பவர் யாருக்கும் அதுவரை கிடைத்திராத காட்சி அது.

அந்தக் காட்சியில் இயற்பியல் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆழ்கடலில் அலை நகர்கிறதே தவிர நீர் கூடவே பயணம் செய்வதில்லை. நீர்த்துளிகள் தத்தம் இடத்தில் வட்டமிட்டுச் சுழல, வடிவம் மட்டும் கடலைத் தாண்டிப் போகிறது. தரை தட்டும் இடத்தில்தான் அது கவிழ்ந்து உடைகிறது. அலையும் கடலும் வேறல்ல, பெயரும் வடிவமுமே வேறு என்று அத்வைதிகள் சொல்லும் உவமைக்கு மெதுவோட்டத்தில் எடுத்த ஓர் அலைக் காட்சியைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. அலையின் மீது நிற்பவர் நிற்பது ஒரு பொருளின் மீதல்ல, ஒரு நிகழ்ச்சியின் மீது. முடிந்ததும் அவர் போன தடம் எங்கும் இருக்காது.

இந்த மகிழ்ச்சிக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது: மருட்கை. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான இந்த வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது அந்நூல். கடற்படத்தில் நான்கும் ஒருசேர அமைகின்றன. முன்பு காணாதது, மிகப் பெரியது, அதன் முன் மிகச் சிறியதாகிப்போன மனித உருவம், கண்முன்னே ஒன்று இன்னொன்றாக மாறுவது. அச்சத்தைத் தொல்காப்பியம் தனி மெய்ப்பாடாக வைத்திருக்கிறது. அலை நிஜத்தில் வந்தால் அச்சம், திரையில் வந்தால் மருட்கை. நடுவில் இருப்பது பாதுகாப்பு. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1790-இல் எழுதியதும் இதைத்தான்: சீறும் கடல் நம்மைத் தொடாத இடத்தில் நிற்கும்போதே அதன் பேராற்றல் மனத்தை உயர்த்துகிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே, ரோமானியக் கவி லுக்ரீஷியஸ், புயலில் தத்தளிக்கும் கப்பலைக் கரையிலிருந்து பார்ப்பது இனிமை என்று சொல்லிவிட்டு, அது பிறர் துன்பத்தில் காணும் இன்பம் அல்ல, தனக்கு இல்லாத இடரைக் காணும் ஆறுதல் என்று திருத்தியும் வைத்தார். இந்த விளக்கங்கள் சரியானவையே. ஆனால் பாதியோடு நிற்பவை. கரையில் நிற்பவர் ஒருகாலத்தில் அந்தக் கப்பலில் இருந்தவராகவோ அவருடைய பேரனாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று இவர்கள் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை நேரடியாகச் சினிமாவை வைத்தே பேசியவர் ரமண மகரிஷி. முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தது 1931-இல். 1935 முதல் 1939 வரை அவருடன் நடந்த உரையாடல்களின் பதிவிலேயே படத்திரை உவமை திரும்பத் திரும்ப வருகிறது. திருவண்ணாமலை அடிவாரத்துத் துறவி ஒருவர் இவ்வளவு புதிய கருவியை இவ்வளவு விரைவில் உபதேசத்துக்கு எடுத்துக்கொண்டது வியப்புதான். அவர் காட்டிய உவமை எளியது. திரையில் தீ எரிகிறது, துணி கருகுவதில்லை. திரையில் கடல் பொங்குகிறது, துணி நனைவதில்லை. படங்கள் வந்து போகின்றன, திரை இருந்தபடியே இருக்கிறது. ஆன்மா அந்தத் திரை. உலகம் அதில் ஓடும் படம். பார்ப்பவர் படத்தில் ஒட்டிக்கொண்டு திரையை மறந்துவிடுகிறார்.

இதன்படி பார்த்தால், கடற்படம் தரும் குளிர்ச்சி நனையாத ஒன்று தன்னுள் இருப்பதை ஒரு கணம் உணர்ந்ததன் விளைவு. அலை பெரிதாகப் பெரிதாக அந்த உணர்வும் கூர்மையாகும். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்ட் 1927-இல் சிக்மண்ட் ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில், மதங்களுக்கெல்லாம் ஊற்றான எல்லையற்ற ஓர் உணர்வைக் கடலோடு ஒப்பிட்டார். அப்படியொன்றைத் தன்னிடம் காணவில்லை என்று ஃபிராய்டு 1930-இல் அச்சிலேயே பதில் சொன்னார். ரோலண்ட் பிற்பாடு வாழ்க்கை வரலாறு எழுதிய ராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்ன உப்புப் பொம்மைக் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. கடலின் ஆழத்தை அளக்க இறங்கிய பொம்மை கரைந்தே போயிற்று, திரும்பி வந்து சொல்ல ஆளில்லை. படம் பார்ப்பவரோ கரைவதில்லை. விளக்குப் போட்டதும் எழுந்து செருப்பைத் தேடுகிறார். ரமணரின் உவமைக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. திரை எதனாலும் மாறாது, மனிதர் மாறுகிறார்.

சைவ சித்தாந்தம் பிடித்துக்கொள்வது இந்த மாற்றத்தை. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் மரபில் உலகம் பொய்த்தோற்றம் ஆகாது. உயிர்கள் பக்குவப்படுவதற்கு இறைவன் தந்த உண்மையான களம் அது. உயிருக்கு ஒரு தனி இயல்பை அந்த மரபு சொல்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு அருகிலுள்ள பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். இருட்டில் உட்கார்ந்து அலையைப் பார்ப்பவர் அந்த நேரத்துக்கு அலையாகிறார், அலைமேல் நிற்பவராகிறார், மூழ்குபவராகிறார். அப்படி ஆனதன் சுவடு அவரிடம் தங்குகிறது. இதோடு இன்னொரு கருத்தும் சேர்கிறது. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. மறைப்பு தண்டனையாக அன்றி அருளாகவே சொல்லப்படுகிறது. உண்மையை ஒரேயடியாகத் தாங்க முடியாத உயிருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டப்படுகிறது. வள்ளலார் 1872-இல் வடலூரில் எழுப்பிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டுவதும் இந்தப் பழக்கத்தின் அருகில் நிற்பதுதான். அங்கே ‘திரை’ இன்னுமொரு பொருளைப் பெறுகிறது.

தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை சித்தாந்த விளக்கமே உண்மைக்கு நெருக்கமானது. அவர்களுடைய கடல் தோற்றமல்ல. அதில் பெயருள்ள மனிதர்கள் இறக்கப்பட்டார்கள். அந்தக் கடலை நேருக்கு நேர் நினைத்துப் பார்க்கத் தெம்பில்லாத இரண்டு தலைமுறைக்கு எம்.ஜி.ஆரின் படகு ஒரு மறைப்பாக அமைந்து, அந்த மறைப்பின் வழியாகவே கடலைக் காட்டியது. இரங்கலாக மட்டும் இருந்த நீர் மருட்கையாகவும் ஆனது அப்படித்தான். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அந்த மகிழ்ச்சிக்குச் செய்யும் அநீதி.

கடல் தோற்றமல்ல, உண்மை என்றால் அது நீதி வழங்குமா என்பது அடுத்த கேள்வி. மலையாள எழுத்தாளர் தகழியின் நாவலை ராமு காரியாட் 1965-இல் படமாக்கிய ‘செம்மீன்’ ஆம் என்கிறது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலுக்குப் போன கணவனைக் காக்கும், தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் அந்தக் கதை நிற்கிறது. படத்தின் கடற்காட்சிகள் இன்றும் கண்ணை விட்டு அகலாதவை. அந்த நம்பிக்கையை மட்டும் ஏற்க முடியாது. மூழ்கியவனின் சாவை ஒரு பெண்ணின் தலையில் கட்டும் எந்த இறையியலும் கடலைவிடக் கொடியது.

‘தசாவதாரம்’ (2008) இதே கேள்வியைக் கடினமாக்குகிறது. கதை 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் தொடங்குகிறது. சிவனின் ஐந்தெழுத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் சொல்ல மறுத்த வைணவர் ரங்கராஜ நம்பி, பெருமாள் சிலையோடு கட்டப்பட்டுக் கடலில் தள்ளப்படுகிறார். அவர் மூழ்குகிறார். தமிழருக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 7-ஆம் நூற்றாண்டில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட சைவ நாயனார் அப்பர் அதே ஐந்தெழுத்தைச் சொல்லி, கல்லே தெப்பமாக மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறியதாகப் பெரிய புராணம் சொல்லும். அந்தப் புராணம் எழுந்ததும் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பதே பரவலான கருத்து. ஒருவருக்குக் கல் மிதந்தது. இன்னொருவர் கல்லோடு அமிழ்ந்தார். பக்தியில் இருவருக்கும் குறைவில்லை. வைணவ மரபு தன் அடியாருக்கு ‘ஆழ்வார்’, ஆழ்ந்துபோனவர், என்று பெயர் வைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கரையேறுவது ஒரு முத்தி என்றால் ஆழ்வதும் ஒரு முத்தி. இரண்டுக்கும் தமிழில் சொல் இருக்கிறது.

அந்தப் படம் முடிவது 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில். மகிழ்ச்சி என்ற சொல் தயங்கி நிற்க வேண்டிய இடம் இது. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும். சிலாங்கூருக்குச் சுமத்ரா மறைப்பாக நின்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ரஜுலாவில் ஆள் ஏற்றிய அதே கரை. முன்னோர் புறப்பட்டுப் போன ஊர் நீரில் மூழ்கியதைப் பேரப்பிள்ளைகள் கோல சிலாங்கூரில் தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். அந்தத் திரையில் மருட்கை இல்லை. அச்சமும் அழுகையும்தான். ஆகவே திரை இருந்தாலே துன்பம் இன்பமாகிவிடும் என்ற கணக்கு தவறு. கலையாக்கும் கை ஒன்று நடுவில் வேண்டும், காலமும் கொஞ்சம் கடக்க வேண்டும்.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதை ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) காட்டுகிறது. புதுச்சேரியில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் சிறுவன் குடும்பத்தோடு கப்பலேறுகிறான். கப்பல் மூழ்கி, புலியோடு ஒரு படகில் மிஞ்சுகிறான். கடைசியில் இரண்டு கதைகள் சொல்கிறான். ஒன்றில் புலி உண்டு, மற்றதில் மனிதரின் கொடூரம் மட்டுமே உண்டு. எதை ஏற்பது என்பது கேட்பவர் பொறுப்பு. படத்தின் பெருங்கடல் பெரும்பாலும் தைவானின் தைச்சுங் நகரில் கட்டிய தொட்டியில் இயந்திரம் கிளப்பிய அலை. தொட்டி நீர் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு குளிர்கிறது என்றால், பார்ப்பவர் அங்கே தேடியது உப்புநீரை அல்ல. சொல்ல முடியாத ஒரு கடப்பைச் சொல்ல ஒரு கதை இருக்கிறதா என்று தேடினார்.

தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் பல இடிபட்டு, மக்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குப் போய்விட்டார்கள். திடலில் துணி கட்டுவாரில்லை. கடற்படங்கள் இப்போது கைப்பேசியில் ஓடுகின்றன. பிள்ளைப் பருவத்தில் ரஜுலாவின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், 80 வயதையும் கடந்து. வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, படத்தில் கப்பல் வரும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், ஒலியைக் குறைத்துவிட்டு அவரைக் கேளுங்கள்: ஐயா, பாட்டி, அன்றைக்கு அலை எப்படி இருந்தது?